சைக்ளோகிராஸ் சைக்கிளைச் சொந்தமாகக் கட்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை மூன்று ஃபிரேம், அதாவது சைக்கிளின் உடற்சட்டம், கட்டியிருக்கிறேன். முதலாவது கோணல், இரண்டாவது கனம், மூன்றாவதைத்தான் பந்தயத்துக்கு எடுத்துப் போகிறேன். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரே வரி. அவை அவ்வளவுக்குத்தான் தகுதி.

சைக்ளோகிராஸ் என்பது என்ன வகைப் பந்தயம்?

புல், சேறு, மணல், படிக்கட்டு, குட்டையான மரத்தடுப்பு எல்லாம் கலந்த ஒரு வளையத்தில் சுற்றிச் சுற்றி வருவது. ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். முதல்நிலை ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். இலையுதிர் காலமும் குளிர்காலமும் இதன் பருவம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இதற்குக் கூடும் கூட்டம் கால்பந்துக் கூட்டம் போல் இருக்கும்.

பிறந்தது பிரான்ஸில். டானியேல் கூசோ என்ற ராணுவ வீரர் 1902-இல் அங்கே முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஆக்டேவ் லாபீஸ், தன் வெற்றிக்குக் குளிர்காலத்துச் சைக்ளோகிராஸ் பயிற்சியே காரணம் என்று சொன்ன பிறகு விளையாட்டுக்கு மவுசு கூடியது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிஸில் நடந்தது. வென்றவர் ஜான் ரோபிக். அவரும் 1947-இல் டூர் டி பிரான்ஸ் வென்றவர்.

பார்த்தால் சாதாரண ரேஸ் சைக்கிள் மாதிரிதானே இருக்கிறது? என்ன வித்தியாசம்?

வளைந்த ஹேண்டில்பார், 700சி சக்கரம், மெலிந்த உடல் என்று தூரத்திலிருந்து பார்த்தால் அதேதான். பக்கத்தில் போய்ப் பாருங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நுழையும். முக்கோணத்துக்குள் தண்ணீர் புட்டி மாட்டும் துளைகள் பெரும்பாலும் இருக்காது. கேபிள்கள் மேல்குழாயின் முதுகில் ஓடும் அல்லது குழாய்க்குள் மறைந்திருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டுதான்: சேறும் தோளும். சேறு சிக்காமல் சக்கரம் சுற்ற வேண்டும், சைக்கிள் தோளில் சுகமாக உட்கார வேண்டும். ஃபிரேம் கட்டும்போது எந்த முடிவில் தடுமாறினாலும் இந்த இரண்டையும் கேட்டுப் பார்ப்பேன். கேட்காமல் எடுத்த முடிவுகள் எல்லாம் என் முதல் ஃபிரேமில் இருக்கின்றன.

கிராவல் சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?

உள்ளூர்ப் பந்தயத்துக்குத் தாராளமாகப் போதும், அதிலேயே தொடங்குங்கள். கிராவல் சைக்கிள், அதாவது சரளைச் சாலைச் சைக்கிள், நீண்ட தூரத்துக்கானது. சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகம், பெடல் அச்சு (இரு பெடல் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சு) தாழ்ந்திருக்கும், 40 மி.மீ.க்கு மேற்பட்ட டயர் கொள்ளும், உடம்பெல்லாம் பை மாட்டத் திருகுத் துளைகள். நேர்ப்பாதையில் நிதானமாகப் போகும். கயிறு கட்டிய குறுகிய திருப்பத்தில் மட்டும் மாட்டுவண்டியைத் திருப்புவது போல் இருக்கும்.

டயர் அகலத்தை மட்டும் கவனியுங்கள். சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியத்தின் விதிப்படி நடக்கும் பந்தயங்களில் 33 மி.மீ.க்கு மேல் கூடாது. கீழ்நிலைப் போட்டிகளில் யாரும் அளவுகோலோடு வருவதில்லை.

சொந்தமாகக் கட்டினால் பணம் மிச்சமாகுமா?

ஆகாது. ஒரே ஒரு ஃபிரேமுக்காக அரம், ரம்பம், தீ கக்கும் பற்றவைப்பு டார்ச், அதற்கான வாயு, அளவுக் கருவிகள் எல்லாம் வாங்கிக் கணக்குப் போட்டால், கடையில் நல்ல சைக்கிளே வந்துவிடும். உடம்புக்கு ஏற்ற அளவு கிடைக்கும், பழுதானால் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும், முக்கியமாக, கட்டும் வேலையே பிடித்திருக்கும். இவை போதுமானால் கட்டுங்கள்.

ஃபிரேம் வாங்கிப் பாகங்களை நானே பூட்டினால், அதுவும் கட்டியது ஆகுமா?

ஆகும். அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்யாதவர்கள். முதல் சைக்கிளுக்கு அதுவே புத்திசாலித்தனம். பழைய டூரிங் சைக்கிளின் எஃகு ஃபிரேம் கிடைத்தால், 33 மி.மீ. டயரைப் பூட்டி, இரு பக்கமும் குறைந்தது ஆறு மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி பிரேக்.

எந்த உலோகத்தில் கட்டலாம்?

வீட்டுப் பட்டறையில் எஃகு ஒன்றுதான். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 ரகக் குழாயோ, ரெனால்ட்ஸ், கொலம்பஸ் போன்ற நிறுவனங்களின் சைக்கிள் குழாய்த் தொகுப்போ வாங்கலாம். அலுமினியத்தை வெல்டிங் செய்தபின் வெப்பப் பதம் கொடுக்க உலை வேண்டும். டைட்டேனியம் பற்றவைக்கும் சூட்டில் காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும். கார்பனுக்கு அச்சு, பிசின், நிறைய நிதானம் எல்லாம் தேவை.

சைக்கிள் குழாய்கள் முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். 0.8/0.5/0.8 என்று எழுதியிருந்தால் முனைகள் 0.8 மி.மீ., நடு 0.5 மி.மீ. முதல் ஃபிரேமுக்கு 0.9/0.6/0.9 வாங்குங்கள். நூறு இருநூறு கிராம் கூடும். ஆனால் டார்ச்சைக் கொஞ்சம் அதிக நேரம் காட்டிவிட்டாலும் குழாய் மன்னிக்கும். மேல்குழாய் 28.6, கீழ்க்குழாய் 31.8 மி.மீ. விட்டம் என்பது பழகிய அளவு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவைதான் ஃபோர்க், அது நுழைவது தலைக்குழாயில். தலைக்குழாயை 44 மி.மீ. உள்விட்டத்தில் எடுத்தால் இப்போதைய ஃபோர்க்குகள் பெரும்பாலும் பொருந்தும்.

அளவுகளை எப்படித் தீர்மானிப்பது?

இப்போது நன்றாகப் பொருந்தும் ஒரு சைக்கிளிலிருந்து தொடங்குங்கள். சேணத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள உறவை அளந்து காகிதத்தில் வையுங்கள். ரேஸ் சைக்கிளோடு ஒப்பிட்டால் ஹேண்டில்பார் ஒரு விரற்கடை அருகிலும் சற்று உயரத்திலும் இருந்தால் நல்லது. இறங்கி ஏறும்போது அதன் அருமை தெரியும். பிறகு முழு அளவில் வரையுங்கள். கணினியில் வரைந்தாலும் ஒரு முறை சுவர் அளவுக் காகிதத்தில் வரைந்து பார்ப்பதை நான் விடுவதில்லை. திரையில் தெரியாத முட்டாள்தனம் காகிதத்தில் பல்லை இளிக்கும்.

தலைக்குழாய்க் கோணம் 71 முதல் 72 பாகை. 72 பாகையும் 47 மி.மீ. முன்தள்ளல் (திருப்பு அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளி நிற்கும் தூரம்) கொண்ட ஃபோர்க்கும் சேர்ந்தால், திருப்பு அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் 62 மி.மீ. அளவில் வரும். இது சேற்றில் தானாக நேராகும், திருப்பத்தில் அடம் பிடிக்காது. இருக்கைக் குழாய் 73 பாகை. செயின் ஸ்டே, அதாவது பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய், 425 முதல் 435 மி.மீ. ஃபோர்க்கின் உயரம் அச்சிலிருந்து கிரீடம் வரை, அதாவது இரு கால்களும் மேலே சேரும் இடம் வரை, 395 மி.மீ. சுற்றில் இருக்கும். இது ரேஸ் சைக்கிள் ஃபோர்க்கைவிட அதிகம். வரைபடத்தில் இதை மறந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பெடல் அச்சு, சக்கர அச்சுக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதில் சண்டையே நடக்கும். ரேஸ் சைக்கிளில் 70 மி.மீ. அளவு. பழைய சைக்ளோகிராஸ் ஃபிரேம்களில் 55 முதல் 60. வார்ப்பட்டை மாட்டிய பெடல் தலைகீழாகத் தொங்கித் தரையில் இடிக்கும் காலத்தில் அந்த உயரம் தேவைப்பட்டது. இப்போது அந்தப் பெடல்களே இல்லை. நான் 65 வைக்கிறேன். 33 மி.மீ. டயரோடு சக்கர ஆரம் 344. அதில் 65 போனால் பெடல் அச்சு தரையிலிருந்து 279 மி.மீ. உயரத்தில் இருக்கும். குழிவான சரிவிலும் பெடல் தட்டுவதில்லை.

காலணியின் நுனி முன்சக்கரத்தில் உரசுகிறது. இதைத் தவிர்க்க முடியுமா?

வரையும்போதே தவிர்க்கலாம், பிறகு முடியாது. சக்கர ஆரம் 344, கிராங்க், அதாவது பெடல் கையின் நீளம் 170, பெடலின் நடுவுக்கு முன்னால் நீண்டிருக்கும் காலணி உத்தேசமாக 90. கூட்டினால் 604. பெடல் அச்சிலிருந்து முன் அச்சு வரை அந்த அளவு இருந்தால் உரசாது. குள்ளமானவர்களுக்கு மேல்குழாயை நீட்டாமல் இதைக் கொண்டுவர, தலைக்குழாயைச் சற்றுச் சாய்த்து ஹேண்டில்பார் தாங்கியைக் குட்டையாக்க வேண்டும். சாலையில் உரசினால் தொந்தரவு என்று விட்டுவிடலாம். இங்கே மெதுவான, கூர்மையான திருப்பங்கள்தான் அதிகம்.

டயர் இடைவெளியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஒரு முறை களிமண்ணும் வெட்டிய புல்லும் கலந்த தடத்தில் ஓட்டிப் பாருங்கள். வெறும் சேறு வழிந்துவிடும். புல் கலந்தால் அது சுவர் கட்டும் மண்ணாகிவிடும். இரண்டு சுற்றில் ஸ்டேகளுக்கு நடுவே கெட்டியாக அடைத்துக்கொண்டு, சக்கரம் நின்று, சைக்கிளின் எடை இரட்டிப்பானது போல் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால் பின்பக்கம், பெடல் அச்சை ஒட்டிய ஒரே இடத்தில். கணக்கைப் பாருங்கள். முன் பல்சக்கரம் ஒற்றையாக இருந்து, ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 33 மி.மீ. டயரின் பாதி 16.5. மிச்சம் 28.5. பல்சக்கரத் தடிமனில் பாதியைக் கழித்தால் 27. இந்த 27 மி.மீ.க்குள் சேறு போகும் வழி, ஸ்டே குழாய், பல்சக்கரம் உரசாமலிருக்க ஓர் இடைவெளி ஆகிய மூன்றும் அடங்க வேண்டும். குழாயை 16 மி.மீ.க்குத் தட்டையாக்கினால் சேற்றுக்கு 7, பல்சக்கரத்துக்கு 4. அவ்வளவுதான், இதற்கு மேல் இழுக்க முடியாது.

நீளவாக்கிலும் அதே நெருக்கடி. 430 மி.மீ. ஸ்டேயில் டயரின் முன் விளிம்பு பெடல் அச்சுக்கு 86 மி.மீ. பின்னால் நிற்கும். 42 பல் சக்கரத்தின் ஆரமும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, நடுவில் குழாய் போக வேண்டும். அதனால்தான் அங்கே குழாயின் இரு பக்கமும் குழிவாக நசுக்கப்படுகிறது. மரத்துண்டில் சக்கர விளிம்பின் வளைவைச் செதுக்கி, வைஸில் குழாயோடு சேர்த்து மெல்ல இறுக்கினால் அழகாகக் குழியும். முதல் தடவை அவசரப்பட்டு ஒரே இறுக்காக இறுக்கினேன். குழாய் குழியவில்லை, மடங்கியது. இப்போது கால் சுற்று இறுக்கி, எடுத்துப் பார்த்து, மீண்டும் கால் சுற்று.

குறுக்கே போடும் பாலக்குழாய்களை டயரிலிருந்து தள்ளியே வையுங்கள். பெடல் அச்சுக்குப் பின்னால் ஸ்டேகளை இணைக்கும் பாலம் சேறு குந்தும் திண்ணை. நான் அதைப் போடுவதே இல்லை.

குழாய் முனையை வளைவாக வெட்டுவது கடினமா?

கடினம் இல்லை, நேரம் பிடிக்கும். ஒரு குழாய் இன்னொன்றின் வயிற்றில் போய் உட்காரும்படி முனையை மீன் வாய் போல் வெட்ட வேண்டும். வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் குழாயில் சுற்றி, ரம்பத்தால் தோராயமாக வெட்டி, மீதியை அரைவட்ட அரத்தால் இழைக்கலாம். அரத்தின் வளைவு எதிர்க்குழாயின் விட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

முனையை எதிர்க்குழாயில் பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். பித்தளை இடுக்கை அடைத்துவிடும் என்ற நினைப்பு வரும். அடைக்கும்தான், ஆனால் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இடுக்கு இருந்த பக்கம் கோணல். கச்சிதமாக இழைத்த ஃபிரேம் பிடிப்புச் சட்டம் இல்லாமலேகூட ஓரளவு நேராக வரும். முதல் ஃபிரேமில் ஒன்பது பங்கு வேலை அரத்துக்கு, ஒரு பங்கு தீக்கு.

வெல்டிங்கா, பித்தளையா, வெள்ளியா?

டிக் வெல்டிங் (மின்பொறியால் எஃகையே உருக்கிச் சேர்ப்பது) தெரிந்தவர் அதையே செய்யலாம். சுத்தம், வேகம். ஆனால் அரை மி.மீ. சுவரில் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குவது குழாய்களுக்குச் செய்யும் கொடுமை.

வெள்ளிக் கலவை 650 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். குழாய்கள் உறைக்குள் நுழையும் மூட்டுகளுக்கு அது ஏற்றது. உறையில்லாமல் நேரடியாகச் சேரும் மூட்டுக்குப் பித்தளைதான். ஏறக்குறைய 900 பாகையில் உருகி, மூலையில் வழுவழுப்பான வளைவாகப் படியும். நான் செய்வது இது.

முனைகளை உரக்காகிதத்தால் பளபளக்கத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, உருகிய பித்தளை பரவ உதவும் இளக்கிப் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். பித்தளைக்கான பசையில் இருப்பது பெரும்பாலும் வெண்காரம், பொற்கொல்லர் தூவும் அதே பொருள். டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். பசை முதலில் பொரியும், வெள்ளையாக உப்பும், பிறகு அடங்கிக் கண்ணாடி போல் தெளிந்து ஓடும். எஃகு மங்கிய ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் பித்தளைக் கம்பியின் நுனியைத் தொடுங்கள். சூடு போதுமென்றால் நுனி துளியாக நிற்காமல் நனைந்து பரவும். துளி பந்தாக உருண்டால் எஃகு இன்னும் சூடாகவில்லை. உருகிய பித்தளை சூடான பக்கம் நகரும். அது எங்கே போக வேண்டுமோ அங்கே தீயைக் காட்டுங்கள், பின்தொடரும். இது கைக்கு வந்துவிட்டால் பிறகு நிறுத்த மனம் வராது.

வெள்ளைப் புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது. பித்தளையிலுள்ள துத்தநாகம் ஆவியாகிறது. மூச்சில் ஏறினால் இரவில் காய்ச்சல் வரும். கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும். யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்று: இரு முனையும் மூடிய குழாயைச் சூடாக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து உருகிய உலோகத்தை வெளியே தள்ளும். ஒவ்வொரு குழாயிலும் மூட்டுக்குள் மறையும் இடத்தில் சிறு துளை போட்டு வையுங்கள்.

உண்மை மூட்டுக்கு முன் வெட்டுத் துண்டுகளில் பத்துப் பன்னிரண்டு மூட்டாவது போட்டு, ரம்பத்தால் பிளந்து உள்ளே பாருங்கள். வெளியே அழகாகத் தெரிந்த மூட்டுக்குள் பித்தளையே போகாமல் இருப்பதைக் கண்டு நான் ஒரு நாள் முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

ஃபோர்க்கையும் நானே செய்யலாமா?

முதல் ஃபிரேமோடு வேண்டாம். மற்ற மூட்டுகள் விட்டுப்போனால் சைக்கிள் நிற்கும், ஃபோர்க் விட்டுப்போனால் முகம் போகும். டயர் இடைவெளி உள்ள கார்பன் ஃபோர்க் ஒன்றை முன்னதாகவே வாங்கி, அதன் உண்மையான உயரத்தை அளந்து வரைபடத்தில் போடுங்கள்.

கட்டிய ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நூல் போதும். தலைக்குழாயிலிருந்து ஒரு நூலை ஒரு பக்கத்துப் பின் அச்சுத் தகட்டுக்கு (பின்சக்கர அச்சு உட்காரும் தகடு) இழுத்து, சுற்றி மறுபக்கமாகத் தலைக்குழாய்க்கே கொண்டு வாருங்கள். இருக்கைக் குழாயிலிருந்து இரு நூல்களுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மி.மீ. வேறுபாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். இரண்டு என்றால் குளிர்ந்த நிலையிலேயே வளைத்துச் சரிசெய்யுங்கள், எஃகு வளைந்து கொடுக்கும்.

முதல் ஃபிரேமில் நான் பார்க்காமல் விட்டது வேறு. இடப்பக்க அச்சுத் தகடு வலப்பக்கத்தைவிட ஒன்றரை மி.மீ. முன்னால் இருந்தது. ஒன்றரை மி.மீ. என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பின் அச்சின் அகலம் 135, சக்கர ஆரம் 344. அச்சில் 1 மி.மீ. பிசகினால் டயரின் முன் விளிம்பில் இரண்டரை மி.மீ. நகரும். என் ஒன்றரை, அங்கே நான்காகிவிட்டது. பாடுபட்டுச் சேர்த்த 7 மி.மீ. இடைவெளி ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் பதினொன்று. தகட்டின் பள்ளத்தை அரத்தால் ஆழமாக்கிச் சக்கரத்தை நேராக உட்கார வைத்தேன். திறந்த பள்ளம் உள்ள தகடு என்பதால் தப்பித்தேன். இப்போது வழக்கமாகிவிட்ட 142 மி.மீ. அகல, ஊடுருவும் அச்சு என்றால் துளை துளைதான், அரத்துக்கு வேலையில்லை. உங்கள் முதல் ஃபிரேமுக்குத் திறந்த பள்ளத் தகட்டையே சிபாரிசு செய்கிறேன்.

பெடல் அச்சுக் கூட்டின் மரையையும் கவனியுங்கள். 68 மி.மீ. அகல ஆங்கில மரைக் கூட்டில் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கம் இடச்சுற்று மரை. கூட்டைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டவர்கள் உண்டு.

டிஸ்க் பிரேக் வேண்டுமா, ரிம் பிரேக் போதுமா?

டிஸ்க். சைக்ளோகிராஸில் அதை 2010-இல் அனுமதித்தார்கள். அதுவரை ஃபோர்க்கின் இரு தோளிலும் குமிழ்களில் உட்காரும் கேன்டிலீவர் பிரேக்தான். சேறு கடந்து போக அதில் இடம் உண்டு, எடை குறைவு, நிறுத்துவது மட்டும் அதற்குப் பிடிக்காது. முன்பிரேக் பிடித்ததும் ஃபோர்க் கடகடவென்று நடுங்கும். கேபிள் தலைக்குழாய் மேலிருந்து வருவதால் ஃபோர்க் வளைய வளைய பிரேக் தானாக இறுகுவதும் தளர்வதுமாக இருப்பதே காரணம். கேபிள் தாங்கியை ஃபோர்க் கிரீடத்துக்கு மாற்றினால் நடுக்கம் பெரும்பாலும் நிற்கும்.

டிஸ்க்கில் 160 மி.மீ. முன்னால், 140 பின்னால் போதும். பின் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) உட்காரும் இடம் பற்றவைத்தபின் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள், வெப்பத்தில் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் பிசினால் ஆன பிரேக் பட்டைகள் ஒரே பந்தயத்தில் தேய்ந்துபோகலாம். ஈரப் பருவத்துக்கு உலோகத்தூள் பட்டைகள் போடுங்கள், சத்தம் போட்டாலும் தாங்கும்.

முன்னால் ஒரு பல்சக்கரமா, இரண்டா?

ஒன்று. 40 பல் முன்னால், 11 முதல் 34 வரை பின்னால். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும் சக்கரமும், செயின் துள்ளாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டெரெய்லரும் (கியர் மாற்றும் பாகம்) இருந்தால் செயின் கழலாது. முன்பு 46, 36 என்ற ஜோடிதான் வழக்கம். சேறு அடைக்க இன்னோர் இடம் எதற்கு?

கேபிளை மேல்குழாயில் கொண்டுபோவது ஏன்?

பெடல் அச்சின் அடியில் போனால் சேறு புகுந்து கியர் மாறாது. மேல்குழாயின் அடியில் போனால் தோளை அறுக்கும். முதுகில் போனால் இரண்டும் இல்லை.

டயரில் எவ்வளவு காற்று?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இந்த விளையாட்டில் வேகம் கூட்ட இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. எழுபது கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத டயரில் 25 முதல் 28 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, ஈரத்தில் இன்னும் இறக்கலாம். ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயரில் கைதேர்ந்தவர்கள் இருபதுக்கும் கீழே போவார்கள். டயர் ஒட்டியிருப்பதால் கழலாது, ரிம்மின் விளிம்பு மழுங்கலாக இருப்பதால் டியூபைக் கடிக்காது. ஆனால் அதை ஒட்டுவது நாட்கணக்கில் அடுக்கடுக்காகப் பசை பூசும் வேலை. முதல் வருடத்துக்கு டியூப் இல்லாத டயரே போதும்.

பந்தயத்துக்கு முன் தடத்தை ஒரு சுற்று வாருங்கள். ஒரு சுற்றில் ஓரிரு முறை, வேரிலோ கல்லிலோ ரிம் 'டக்' என்று மெல்லத் தட்டினால் அழுத்தம் சரி. தட்டவே இல்லையென்றால் இன்னும் இறக்கலாம். அடிக்கடி தட்டினால் ஏற்றுங்கள். திருப்பத்தில் டயர் ஓரத்திலிருந்து 'புஸ்' என்று காற்றுத் துப்பினாலும் ஏற்றுங்கள். தரையில் நிற்கும் பம்பின் முள்ளை நம்பாதீர்கள். 160 வரை காட்டும் முள்ளுக்கு 24-க்கும் 27-க்கும் வித்தியாசம் தெரியாது. 30 வரை மட்டும் காட்டும் சிறு அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டே இறங்குவதும் ஏறுவதும் எப்படி?

எப்போதும் இடப்பக்கம். செயினும் பல்சக்கரமும் வலப்பக்கம் இருப்பதால் அவை உங்கள் காலைக் கடிக்காது. வலக்காலைப் பெடலிலிருந்து விடுவித்து, சேணத்துக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டு வாருங்கள். இப்போது இடக்கால் மட்டும் பெடலில், வலக்கை மேல்குழாயில் ஊன்றியிருக்கிறது. வலக்காலை இடக்காலுக்கு முன்னால் தரையில் வைக்கும் அந்தக் கணத்தில் இடக்காலை விடுவித்து ஓடத் தொடங்குங்கள். வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்காதீர்கள், வேகத்தோடு இறங்கத்தான் இவ்வளவும்.

ஏறுவது பயத்தோடு சம்பந்தப்பட்டது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், இடக்காலால் உந்தி, வலத்தொடையின் உட்பக்கம் சேணத்தில் படும்படி பாய்ந்து வழுக்கி உட்கார வேண்டும். மேலே எழும்பிக் குதிக்கக் கூடாது, முன்னால் போக வேண்டும். எல்லோரும் பாய்வதற்கு முன் ஒரு குட்டி அடி கூடுதலாக வைப்பார்கள். அது மனம் தயங்குவது. புல்தரையில் நடைவேகத்தில், நாளைக்கு இருபது முறை செய்யுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் குட்டி அடி காணாமல் போகும்.

தோளில் போட, வலக்கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் விட்டுத் தூக்கி, மேல்குழாயைத் தோளில் வாங்கி, அதே கையை முன்னால் நீட்டி ஹேண்டில்பாரின் இடப்பக்க வளைவைப் பிடியுங்கள். சைக்கிள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இடக்கை வீசி ஓடச் சும்மா இருக்கும். முக்கோணத்துக்குள் தண்ணீர் புட்டி ஏன் இல்லை என்று அப்போது புரியும்.

தடுப்பை சைக்கிளோடு தாண்டிக் குதிக்கிறார்களே?

தடுப்பின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்பது விதி. 1989 உலகப் போட்டியில் பெல்ஜியத்தின் டேனி டி பி தடுப்புகளை இறங்காமலே தாண்டி வென்றார். பிறகு அதே நாட்டு வீரர் ஸ்வென் நைஸ் அதை ஒரு கலையாகவே ஆக்கினார். உங்களால் 40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியைப் பத்துக்குப் பத்து முறை தாண்ட முடிந்தால் முயலுங்கள். ஒன்பது என்றால் இறங்கி ஓடுங்கள்.

மணலிலும் சரிவிலும் விழுந்துகொண்டே இருக்கிறேன்.

மணலுக்குள் வேகத்தோடு நுழையுங்கள். ஒரு கியர் கனமாக வைத்து, எடையைப் பின்னால் தள்ளி, முன்னவர் போட்ட பள்ளத்திலேயே சக்கரத்தை விடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்ப நினைத்தால் முடிந்தது கதை. இடுப்பால் திருப்புங்கள். பெடலை நிறுத்தாதீர்கள். பெல்ஜியத்தின் கோக்ஸைடே மணல்மேடுகளில் உலகச் சாம்பியன்களே பாதியில் இறங்கி ஓடுவதைப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பக்கவாட்டுச் சரிவில் முடிந்தவரை மேலே நுழையுங்கள். எப்படியும் வழுக்கிக் கீழே வருவீர்கள், வருவதற்கு இடம் வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கப் பெடலில் எடையை ஊன்றி, பிரேக்கைத் தொடாமல் இருங்கள்.

கழுவும்போது என்ன கவனிக்க வேண்டும்?

உயர் அழுத்தத் தண்ணீரை ஹப், பெடல் அச்சு, தலைக்குழாய் ஆகியவற்றின் பக்கவாட்டில் நேராக அடிக்காதீர்கள். பேரிங்குக்குள் மணல் போகும். பெரிய பந்தயங்களில் உதவியாளர்கள் ஒரு சைக்கிளைக் கழுவ, வீரர் இன்னொன்றில் ஓட்டிவிட்டு வந்து மாற்றிக்கொள்வார். சேறு மிகுந்த நாளில் சுற்றுக்கு இரண்டு முறைகூட மாற்றுவார்கள். நமக்கு இரண்டாவது சைக்கிள் தேவையில்லை, ஒரு வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். எஃகு ஃபிரேம் என்றால் இருக்கைத் தண்டைக் கழற்றித் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். பருவம் தொடங்குமுன் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளியுங்கள்.

நானே பற்றவைத்த மூட்டு விட்டுப்போகும் என்ற பயம் போகவில்லையே?

போகவும் வேண்டாம். ஒவ்வொரு முறை கழுவியபின்னும் உலர்ந்த துணியால் துடைத்து, தலைக்குழாய்க்கு அடியில் கீழ்க்குழாய் சேரும் இடத்தையும், பெடல் அச்சுக் கூட்டைச் சுற்றிலும், பின் அச்சுத் தகடுகளையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கோடு ஒன்று பெயின்ட்டில் தெரிந்து, அதிலிருந்து துரு கசிந்தால் ஓட்டாதீர்கள். என் இரண்டாவது ஃபிரேமில் கீழ்க்குழாய் மூட்டில் அப்படி ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டித் தூள் தூவி அரை மணி நேரம் காத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் ஊறித் தூளில் கோடாகத் தெரியும். தூள் வெள்ளையாகவே இருந்தது. சுரண்டிய இடத்தில் புதுப் பெயின்ட் பூசினேன், நிறம் சரியாக ஒத்துப்போகவில்லை.